மாற்றுச் சம்பந்தத்துக்காக மடித்து வைத்த துண்டு

அண்ணையை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்தபின் "பாவம், அவரும் என்ன செய்வார்" என்று எனக்குச் சொல்ல வராதீர்கள். அப்படிச் சொன்ன ஆட்களைக் கண்டு களைத்துவிட்டேன்.

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். நான் அவர்கள் வீட்டு மகனுக்கு, அவர்கள் வீட்டு மகள் என் அண்ணைக்கு. முதலில் என் கலியாணம் நடந்தது. அண்ணையின் கலியாணம் அடுத்த ஆவணியில் என்று பேச்சு. என் கணவருக்குத் தெற்கே சிங்கள ஊரொன்றில் சுருட்டுக்கடை. பொங்கலுக்கு வருவார், கோயில் தேருக்கு வருவார். நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில், சீதனமாகத் தந்த வீட்டில், ஐயா, அம்மா, அண்ணையோடு இருந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு வந்து போனார். மாசி பிறந்ததும் எனக்குத் தொடங்கியது. சலம் கழித்தால் நெருப்பாய் எரியும். உடுப்பில் மஞ்சளாய்ப் படும். அடிவயிற்றில் கொளுவி இழுப்பது போல நோ. அம்மாவிடம் சொன்னேன்.

"சூடு பிள்ளை. வெங்காயத் தறைக்குள்ளை நாள் முழுக்க வெய்யிலிலை நிண்டால் வேறை என்ன வரும்?"

வெந்தயத் தண்ணீர், இளநீர், வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் முழுக்கு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குச் சூடு என்றுதான் பெயர். நானும் நம்பிக் குடித்தேன்.

சித்திரையில் காய்ச்சலும் சேர்ந்தது. வெட்கத்தை விட்டு அண்ணையிடம் கேட்டேன். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், நாலு இடம் தெரிந்தவர்.

"அண்ணை, என்னை ஒருக்கா ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அடிவயிறு தாங்கேலாமல் கிடக்கு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கலியாணம் முடியட்டும். இந்த நேரத்திலை ஆசுப்பத்திரி வாசல்லை நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

ஆனியில் திரும்பக் கேட்டேன். "பொறு பிள்ளை, நான் மறக்கேல்லை" என்றார். மறக்கவில்லையாம்! அது எவ்வளவு உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது. வெளிறிப்போன என் முகத்தைப் பார்த்து ஊர்ப்பெண்கள் "என்ன, விசேசமோ?" என்று பகிடி பண்ணினார்கள். எனக்கும் அதுதானே ஆசை. கோயிலில் வேறு எதையும் நான் கேட்டதில்லை, ஒரு பிள்ளையைத்தான் கேட்டேன்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அண்ணைக்கு மாப்பிள்ளைத் தோழி நான்தான். அவர் தாலி கட்டும்போது பின்னால் நின்று பெண்ணின் கூந்தலைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு கையும் கூந்தலில். நொந்த வயிற்றை அழுத்திப் பிடிக்க ஒரு கை இல்லை. கலியாணத்துக்கு வந்திருந்த என் கணவர் "இப்ப சுகந்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருநாளும் இல்லாத கரிசனை! மனம் குளிர்ந்து "ஓம்" என்றேன். மடைச்சி, மடைச்சி.

கலியாணம் முடிந்த மூன்றாம் கிழமை அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பக்கத்து ஆசுப்பத்திரியில் தெரிந்த முகம் இருக்கும் என்று, பஸ் மாறிச் சாவகச்சேரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டொக்குத்தர் என் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "புருசன் எங்கை இருக்கிறார்?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணை சேட்டுப் பொக்கற்றிலிருந்து நாலாய் மடித்த கடதாசித் துண்டொன்றை எடுத்து நீட்டினார்.

டொக்குத்தர் அதை இரண்டு தரம் வாசித்தார். "உம்முடைய புருசனுக்கு மருந்து செய்த டொக்குத்தர் எழுதினது. அவருக்கு வெட்டை நோய். உமக்கும் தொத்தியிருக்கும், உடனை மருந்து செய்யவேணும் எண்டிருக்கு. பெப்ரவரியிலை எழுதியிருக்கு. இப்ப செப்ரெம்பர். இவ்வளவு நாளும் இது எங்கை கிடந்தது?"

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: "மச்சான் கடிதத்துக்குள்ளை வைச்சு எனக்கு அனுப்பினவர். உனக்கு எழுத வெக்கமாம். நான் சொன்னால் நீ கத்துவாய், ஐயா சம்பந்தத்தை முறிச்சுப்போடுவார். அதுதான்…"

கணவர் செய்தது துரோகம். அவருக்கு நான் இரண்டு வருடத்து மனுசி. அண்ணையோடு நான் ஒரே வயிற்றில் கிடந்தவள். நோவில் நான் சுருண்டு கிடந்தபோது, என் மருந்துக்கான துண்டு அடுத்த அறையில் அவரிடம் இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது.

"நேரத்தோடை வந்திருந்தால் ஊசியோடை முடிஞ்சிருக்கும்" என்றார் டொக்குத்தர். பெனிசிலின் போட்டார்கள். நோ போனது. உள்ளே கருக்குழாய் பழுதாகியிருக்கும், பிள்ளை சந்தேகம் என்றார். சந்தேகம் என்ன சந்தேகம், எனக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். கணவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார். அவரோடு எப்படி வாழ்ந்தேன் என்று கேட்காதீர்கள்.

சில வருடம் கழித்து அண்ணைக்கு மூன்றாவது பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கையோடு அவரும் மச்சாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இவளை நீயே வைச்சு வளர், தங்கச்சி. உனக்கும் ஒரு பிள்ளை வேணுமெல்லே" என்று அண்ணை என் மடியில் கிடத்தினார். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. ஐயோ, எனக்கு எவ்வளவு ஆசை! அதன் உச்சியை ஒருக்கா மோந்தேன்.

பிறகு பிள்ளையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தேன். அலுமாரியைத் திறந்து துண்டை எடுத்துவந்து அண்ணையின் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன்.

"என்ரை பிள்ளையள் உதுக்குள்ளைதான் கிடக்குதுகள், அண்ணை" என்றேன். "கொண்டு போங்கோ."