கொழும்பிலிருந்து ஒரு மணி நேரம்தானே

அண்ணன் கொழும்பில் வேலை பார்த்தான். அப்பாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவனுக்குச் சொல்லச் சொன்னாள் அம்மா.

"திருவனந்தபுரத்துக்கு பிளேன்ல ஒரு மணி நேரந்தாம்மா. ரொம்ப முடியலைன்னா கூப்பிட்டுக்கிடலாம்" என்று நான்தான் தடுத்தேன்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். அன்றைய விமானத்தில் இடமில்லை. இரவே அப்பா போய்விட்டார். மறுநாள் மாலை வரை காத்திருந்து, சித்தப்பா கொள்ளி வைத்தார். திருவனந்தபுரத்தில் இறங்கி நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்த அண்ணன், வீட்டில் அப்பாவின் ஆளில்லாத கட்டிலைத்தான் பார்த்தான்.

"ஏட்டி, அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பாட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பம்லா."

இப்போது வீட்டில் போன் இருக்கிறது. அம்மாவுக்குத் தலைவலி என்றாலும் உடனே அவனைக் கூப்பிடுகிறேன். "அம்மாட்ட குடு" என்பான். என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை.