ஃபகா தேடப் போன ராமையாவின் தண்ணீர்க் கேன்

குவைத்தின் மங்காஃப்பில் ராமையாவைத் தெரியாத தமிழர் குறைவு. பதினாலு வருஷமாகச் சாரம் கட்டுகிறவர். "மேல ஏறுறவனுக்கு எது முக்கியம், எது வெட்டின்னு தெரியணும். தெரியலேன்னா ஊருக்குப் பெட்டியிலதான் போவான்" என்பார். சொல்வதோடு விடுகிற ஆளும் இல்லை.

அந்த வருஷம் நல்ல மழை. பாலைவனத்தில் ஃபகா முளைத்திருந்தது. உருளைக்கிழங்கு மாதிரி மண்ணுக்குள் கிடக்கும் காளான். வெள்ளிக்கிழமை லீவில் அதைத் தேடிப் போக ராமையாவும் ரூமில் கூட இருக்கும் அருள்ராஜும் கிளம்பினார்கள். கையில் ஆளுக்குப் பதினைந்து தினார்தான். அருள்ராஜ் அதில் பட்டாளத்துக்காரன் சட்டையும் உறை போட்ட கத்தியும் வாங்கினான். ராமையா, முள்ளுக்கும் தேளுக்கும் ஒரு பூட்ஸ், இரண்டு பெரிய கேன் தண்ணீர். வழி அடையாளத்துக்குச் சைட்டில் மிஞ்சிய சிவப்பு வெள்ளை டேப்.

"என்ன அண்ணே, தண்ணி லாரியா ஓட்டப் போறீங்க?"

"தாகம் எடுத்தா உன் கத்திய நக்குடா!"

இரவல் பிக்கப்பை நிறுத்திவிட்டு நடந்தார்கள். ராமையா முன்னால் செடிக்குச் செடி டேப் கட்டிக்கொண்டே போனார். பை பாதி நிறைந்தபோது புழுதிக்காற்று கிளம்பியது. நீட்டின கை தெரியவில்லை. போனில் சிக்னல் மாஃபி, துளிகூட இல்லை.

"டேப்பப் புடிச்சிட்டே போயிரலாம்" என்று திரும்பினார். செடியில் டேப் இல்லை. அருள்ராஜ் மெல்லத் தன் பையைத் திறந்தான். அத்தனை டேப்பும் ஒழுங்காகச் சுருட்டி உள்ளே இருந்தது.

"கடைசியா வர்ற ஆள் டேப்பக் கழட்டணும்னு சைட்டுல சேஃப்டி ஆபீசர் தினம் கத்துவாரே அண்ணே... கை தானாப் போயிருச்சு."

அடப்பாவி! ராமையாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வண்டி அந்தப் பக்கம்தாண்ணே, ஓடிரலாம்!" என்று அருள்ராஜ் கிளம்பினான்.

ராமையா அவன் காலரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஓடுனா செத்தோம். தண்ணி இருக்கு. காத்தா நாமளான்னு பாத்துருவோம்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒரு கேன் காலியானது. காற்று அடங்கியதும் பார்த்தால், கூப்பிடு தூரத்தில் பிக்கப். காளான் தேடிச் சுற்றிச் சுற்றி வண்டிப் பக்கமே வந்திருக்கிறார்கள். அருள்ராஜ் ஓடச் சொன்ன திசைக்கு நேர் எதிரில் நின்றது அது.

ரூமுக்கு வந்ததும் அருள்ராஜ் முதல் தடவையாகக் கத்தியை உறையிலிருந்து உருவி, ஃபகாக் குழம்புக்கு வெங்காயம் நறுக்கினான். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"வெங்காயம்தாண்ணே."

ராமையா மிச்சமிருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவன் பக்கம் தள்ளினார்.