பாலிதீன் மாமாவும் ஒன்பது மீட்டர்களும்

கதிர்வீச்சை அளக்கும் மீட்டர்களைத் துடைத்து, சரிபார்த்து, சீட்டு ஒட்டுவதுதான் என் அக்கா வீட்டுக்காரரின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே அறை. அளக்கும் முனையில் அழுக்குப் பட்டால் மீட்டர் பொய் சொல்லும் என்று ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் உறை போடுவார். பழக்கம் வீட்டுக்கும் வந்து, டிவி ரிமோட், உப்பு டப்பா, என் கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் உறை. பாலிதீன் மாமா என்று பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அதே ஆபீஸில் நான் ஸ்டோர் கீப்பர். அன்று அதிகாரி சோதனைக்கு வருகிற நாள். ஒரு மீட்டர் தவறாகக் காட்டினாலும் அறைக்குச் சீல். மாமாவைப் பழைய ஃபைல் கட்டுகளோடு உட்கார வைத்துவிடுவார்கள். காலையில் முதல் மீட்டரைப் போட்டார். எப்போதாவது ஒருமுறை டிக்கென்று ஒலிக்க வேண்டியது, தகரக் கூரையில் மழை விழுவது போல அடித்தது.

"எவனோ உள்ள வந்து தொட்டிருக்கான்!" என்று என்னை முறைத்தார்.

"நான் வாசப்படியே தாண்டல மாமா."

உறையை மாற்றினார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பேட்டரியைப் பிடுங்கி வேறு போட்டார். அடுத்த மீட்டரிலும் அதே கூத்து. மேஜையைத் தேய்த்தார், நாற்காலியை வெளியே தள்ளினார், மூன்று ஜோடி கையுறை மாற்றினார். ஒன்பதும் சேர்ந்து கத்தின.

"எல்லாம் போச்சுடா" என்றார். அந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அதிகாரி வந்தார். ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றினார். ஜன்னல் பக்கம் போனபோது சத்தம் குறைந்தது. மாமாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டியதும் அலறியது.

"நேத்து ஏதாவது ஸ்கேன் எடுத்தீங்களா?"

மாமா திருதிருவென்று விழித்தார். நான்தான் சொன்னேன்: "ஹார்ட் ஸ்கேன் சார். ஊசி போட்டாங்க."

அந்த ஊசி மருந்திலேயே கதிர்வீச்சு உண்டு, ஓரிரு நாளில் அடங்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் இவர். தன் உடம்பும் அந்த ஊரில்தான் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"மீட்டர்ல கோளாறு இல்லைங்க. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

மாமாவை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அனுப்பினோம். ஒன்பதும் அடங்கின. சோதித்துப் பார்த்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையச் சொன்னதுக்குப் போய் பேட்டரியப் பிடுங்கிட்டேனேடா!"