கால் நகத்தில் ஒரு கோடு

ஜொம்னே அக்காவின் பிடிவாதம் எங்கள் தோங்யோங் துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். முப்பது வருடமாகச் சிப்பிக் கொட்டகையில் என் பக்கத்தில் நின்று சிப்பி பிளப்பவள். தன் கத்தியை யாரையும் தொடவிட மாட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஐந்து வாரமாக அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மோம்சல் என்றாள். உழைத்துக் களைத்த உடம்புக்கு வரும் காய்ச்சலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை வியாதியாகவே மதிப்பதில்லை. தெருமுனை மருத்துவரிடம் ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை. நான்காம் நாள் தேவலை, எட்டாம் நாள் மறுபடி நடுக்கம். கை நகங்களுக்கு அடியில் செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தன. சிப்பி ஓடு குத்தியது என்றாள், நானும் நம்பினேன். எங்கள் எல்லோர் நகமும் அந்த லட்சணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியலறையில் வழக்கம்போல அவள் முதுகைத் தேய்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாளே என்று காலையும் தேய்க்க உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகத்தில் அதே கோடு.

“ஏன்க்கா, கால்லயா சிப்பி ஒடைக்கிற?”

“போடி, பூட்ஸு கடிச்சிருக்கும்.”

“ரப்பர் பூட்ஸுக்குப் பல்லு மொளைச்சிருக்கா? நாளைக்கு ஜின்ஜு பெரியாஸ்பத்திரிக்கு வர்ற. இல்லேன்னா இனிமே உன் முதுக நீயே தேச்சுக்க.”

வந்தாள். அங்கிருந்த மருத்துவர் சின்னப் பெண். நகத்தைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். மருந்து கொடுக்கும் முன்பே மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். அதில் கிருமி வளர்ந்தது. இதயத்தின் உள்தோலில் அது குடியேறி, வால்வில் சதைபோல ஒட்டி ஆடுவது ஸ்கேனில் தெரிந்தது. நகக் கோடுகளும் சிப்பி குத்தியதில்லை, அந்தக் கிருமியால் கசிந்த ரத்தமாம். துணுக்கு ஒன்று உடைந்து மூளைக்குப் போனால் ஆளே விழுந்துவிடுவாளாம். அரைகுறை மாத்திரைகள் கிருமியைக் கொல்லவில்லை, பதுங்க வைத்திருந்தன. ஆறு வாரம் ஆஸ்பத்திரியிலேயே ஊசி என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் நின்றது. அக்கா வீட்டுக்குக் கிளம்பத் துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் மருத்துவரைக் கூட்டி வந்தேன்.

“பாதியில போனா என்ன ஆகும்?” என்று அக்கா கேட்டாள்.

“காய்ச்சல் திரும்ப வரும். இந்தத் தடவ வால்வு தாங்காதும்மா.”

அக்கா துணிகளை அலமாரியில் திரும்ப வைத்தாள். கொட்டகை முதலாளிக்குப் போன் போட்டு, தன் கத்தியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள்.

நாற்பத்திரண்டு நாளும் கிடந்தாள். வால்வில் கொஞ்சம் கசிவு உண்டு, அறுவை தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு குளியலறையில் நான் துணியை நனைத்ததும் அவள் முதுகைத் திருப்பவில்லை. இரண்டு காலையும் என் மடியில் நீட்டினாள்.

“மொதல்ல இதப் பாரு.”

பழைய கோடு நக நுனியை நோக்கி நகர்ந்திருந்தது. அடியில் புதிதாக வளர்ந்த நகம் வெறுமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.