மூன்றாவது பிடிக் கடலை

சாரல் காற்றில் தேங்காய் எண்ணெய் வாசம் கலந்து வந்தால் எனக்கு ஒரு குரங்கின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரி ஓடாத ரோடு கிடையாது. ஆனால் ஐம்பதுகளின் கடைசியில், ஏழாம் வகுப்பில், புது வாத்தியார் யார் வந்தாலும் ஒரே மாசத்தில் மாற்றல் கேட்க வைப்பதில்தான் நான் பேர்போனவன்.

அந்த வருஷம் வந்தவர் ஆரியங்காவுக்கு அந்தப்பக்கத்து மலையாளி, மாதவன் சார். ‘சோடாபுட்டி’ கண்ணாடி போட்டிருப்பார். போதும் என்பதற்கு அவர் "மதி, மதி" என்று சொல்லிப் பாடத்தை நிறுத்தினால் வகுப்பே சேர்ந்து "மதி, மதி" என்று திருப்பிச் சொல்லும். அதற்கெல்லாம் அவர் கோபப்படவே இல்லை என்பது எனக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் குற்றாலத்துப் பேரருவியில் குளிக்கப் போனபோது, பாறைமேல் மடித்துவைத்திருந்த வேட்டி, சட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் நானும் நெசவுக்காரர் மகன் மைதீனும் எடுத்துக் கைக்கெட்டும் கிளையில் வைத்தோம். ஈரத் துண்டோடு அவர் தேடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. எங்களுக்கு முன்னால் குரங்கு எடுத்துவிட்டது. கடலையை எறிந்தால் குரங்கு பொருளைப் போட்டுவிடும் என்பது குற்றாலத்து நியாயம். என் பையில் வைத்திருந்த கடலையில் முதல் பிடிக்கு வேட்டி வந்தது, இரண்டாவதற்குச் சட்டை வந்தது. மூன்றாவது பிடியை வேடிக்கை பார்த்தபடி நான் தின்றிருந்தேன். கண்ணாடி மலையேறிவிட்டது. குரங்கிடமிருந்து மீட்டவன் போல வேட்டியை நீட்டினேன். சார் என் முகத்தருகே வந்து நன்றாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை தமிழ்ப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு வாசிக்க ஒக்காது, கேட்டோ. புதுசு வருந்தட்டியும் நீ வாசிச்சா மதி" என்றார்.

மைதீன் என் காதில், "ஏலே, செத்தலே நீ" என்றான். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். காதால் கேட்டு ஒப்பித்தே ஏழாம் வகுப்பு வரை வந்தவன் நான். வகுப்பில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. தெரிந்தால் ஒரு பயல் மதிக்கமாட்டான். அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லித் தப்பித்தேன். சாயங்காலமே மைதீன் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தேன். அவனுடைய வாப்பா, "தறிச் சத்தத்துக்கு மேல கேக்குத மாதிரி வாசிலே" என்பார். மறுநாள் பாடத்தை முதல்நாள் இரவுக்குள் விழுங்கிவிட்டு வந்து வகுப்பில் முழங்குவேன். ஒருநாள் ஒரு வரியைத் தாண்டிவிட்டபோது சார் மூக்கு உரசக் குனிந்து, விட்ட இடத்தில் விரலை வைத்தார். அடேயப்பா, மனுஷனுக்கு என்ன மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரைப்பரீட்சைக்கு முன் புதுக் கண்ணாடி வந்தது. நான் எட்டாவதோடு நின்று லாரி கழுவப் போனேன். ஆனால் இன்றுவரை எந்தப் பத்திரத்தையும் நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

என் பேத்தி லண்டனில் டீச்சர். அங்குள்ள பிள்ளைகளும் இவள் பேச்சைப் பழித்துக் காட்டுகிறார்களாம், நாற்காலியை ஒளித்துவைக்கிறார்களாம். போன மாசம் செல்போனில் முகம் பார்த்துப் பேசியபோது, இதெல்லாம் ஒரு சேட்டையா என்று என் குரங்குக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியக் கழத்திட்டா வாசிக்க?" என்றேன்.

"இது தூரத்துக்குத்தான் தாத்தா. கிட்டக்க வச்சு வாசிக்கதுக்கு எதுக்கு? ஒங்க சாருக்கும் சோடாபுட்டின்னா இப்படித்தான இருந்திருக்கும்?"

போனை வைத்த பிறகுதான், சார் மூக்கு உரசக் குனிந்து விரல் வைத்தது மனப்பாடத்தால் இல்லை என்று எனக்கு உறைத்தது.

மறுவாரம் பேரருவிக்குப் போனேன். சார் துணி வைத்த பாறை சிமெண்டுக்கு அடியில் போய்விட்டது. போலீஸ் விசிலுக்கு வரிசையில் நின்று குளிக்கிறார்கள். சாரும் இல்லை, மைதீனும் இல்லை. வாத்தியாரை ஏமாற்றியவன் என்று அறுபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் சொல்லிவந்த பெருமையும் போயிற்று. சரி, அந்தக் குரங்காவது என்னிடம் ஏமாந்தது என்று சொல்லிக்கொள்ளலாமென்றால், அது இரண்டு பிடிக் கடலையும் தின்றுவிட்டுக் கண்ணாடியையும் அல்லவா கொண்டுபோயிற்று.