சந்திராஷ்டமத்தன்று வாங்கிய டேப்லெட்

டேப்லெட் வாங்கப் போன அன்று எனக்குச் சந்திராஷ்டமம். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததுமே பார்த்தேன், என் நட்சத்திரத்தைப் போட்டிருந்தது. அன்றைக்குப் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது என்பார்கள். சண்டை போடாமல் இருப்பது என்னால் எந்த நாளும் ஆகாத காரியம். மற்றதையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். அது என் தலையிலேயே விடிந்தது.

நாங்கள் இரண்டு பேர். தி. நகரில் ஒரு மொத்தச் சேலைக் கடைக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது எங்கள் வேலை. இந்தத் தொழிலில் ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். என் ஜோடி கோடம்பாக்கத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவன் பெட்டியைத் திறந்து சேலையை விரிப்பான், ஆர்டரைக் குறித்துக்கொள்வான். நான் பேசுவேன், பேசிக்கொண்டே கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். வாய் 'வேண்டாம்' என்று சொல்லும், கண் அந்த அரக்குச் சேலையை விட்டு நகராது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பத்துச் சேலையை ஐம்பதாக்குவேன். இதற்கு மேல் எனக்கு ஒரு வித்தையும் தெரியாது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இன்னும் எத்தனை நாளைக்குவே பெட்டியச் சொமந்துட்டுத் திரிவீரு? பையில அடங்குற மாதிரி என்ன வேணுமோ நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க. ஆர்டர் அங்கேருந்தே நேரா இங்க வந்து விழணும்" என்றார். அண்ணாச்சிக்கு எங்கள் முதுகின் மேல் இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாண்டி பஜாரில் ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் முதலில் ஒரு லேப்டாப்பைக் காட்டி, "செம பவர்ஃபுல் சார்" என்றாள்.

"பவர வச்சு நான் என்ன ராக்கெட்டா விடப்போறேன்? கரூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே ஆர்டர் போடணும்மா. இத எங்க வச்சுத் திறக்கிறது, கண்டக்டர் தலைமேலயா?"

என் ஜோடி சிரித்தான். "மச்சி, அந்தப் பொண்ண ஏன் கலாய்க்குற? டேப்லெட் எடுத்துக்கலாம். கையிலயே வச்சிக்கினு போய்க்கினே இருக்கலாம்."

எந்த டேப்லெட் என்பதில்தான் பாதி நாள் போனது. நான் ஒரு பையில் மூன்று சேலைகள் கொண்டுபோயிருந்தேன். அரக்கு ஒன்று, மயில்கழுத்து ஒன்று, கத்திரிப்பூ ஒன்று. ஒவ்வொரு டேப்லெட்டாலும் அவற்றைப் படம் எடுத்து, சேலைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். விலை கூடியது அரக்கைத் தக்காளிச் சிவப்பாகக் காட்டியது. இதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவன் சரக்கு வந்ததும் நம் மூஞ்சியில் விட்டெறிவான். கடைசியில் யாரும் சீண்டாத ஒரு மாடல்தான் மூன்று நிறத்தையும் உள்ளபடி காட்டியது. அதையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் தெரிகிறதா என்று பார்த்தேன். காவலாளி என்னைத் திருடன் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்தான்.

பிறகு மற்றவை. சட்டைப் பையில் அடங்கும் பில் பிரிண்டர். லாட்ஜ் அறையில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும், அதுவும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் என்பதால் மூன்று வாய் உள்ள சார்ஜரும் நீளமான ஒயரும். கரண்ட் போனால் ஒரு பகல் தாங்கும் பவர் பேங்க். கீ போர்டும் மவுஸும் வேண்டாம் என்றேன். ஒரு தோள் பைக்கு மேல் போகக்கூடாது என்பது என் சட்டம். எல்லாம் அந்தப் பையில் அடங்கியது. தூக்கிப் பார்த்தேன், எங்கள் பழைய பெட்டியின் பூட்டும் சங்கிலியும்கூட அதைவிடக் கனம்.

"ஆர்டர் ஆப்பை யார் நம்பர்ல சார் ஆரம்பிக்கட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "டேய், உன் நம்பரையே குடு. இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், என் கையால ஒண்ணும் தொடங்க வேணாம்."

"இன்னா மச்சி நீ, டேப்லெட்டுக்குமா நட்சத்திரம் பாப்ப?" என்று கிண்டல் செய்தபடியே தன் நம்பரைக் கொடுத்தான்.

அந்தத் தீபாவளி சீசன் இதுவரை நாங்கள் பார்க்காத சீசன். சேலம், கரூர், திண்டுக்கல் என்று சுற்றினோம். நான் பேசினேன், முகம் பார்த்தேன், கண்ணைக் காட்டினேன். அவன் தட்டினான். காபி வருவதற்குள் ஆர்டர் தி. நகரில் இருந்தது. ராத்திரி முதுகு வலிக்காமல் தூங்கினேன். இந்தப் பையைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பொங்கல் சரக்குக்குக் கிளம்பும் முன் அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டார். கையில் போன். அதில் ஆள்வாரியாக ஆர்டர் தெரிகிறதாம்.

"ஏன்வே, சீசன் முழுக்க நீரு ஒரு ஆர்டர்கூடப் போடலியே. எல்லாம் இவன் பேருலல்லா இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். சந்திராஷ்டமக் கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, ஒரு பையத் தூக்க ரெண்டு ஆள் எதுக்கு?" என்றார். பிறகு என் ஜோடியைப் பார்த்து, "நீ சொல்லு. கடையில இவரு என்ன செய்தாரு?" என்றார்.

அவன் தரையைப் பார்த்தான். எத்தனையோ வருஷம் ஒரே கட்டிலில் கால் மாற்றிப் படுத்தவன், என் இட்லியில் பாதி தின்றவன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அது எனக்கும் தெரியும்.

"கூட வந்தாரு அண்ணாச்சி" என்றான்.

என்னை நடுத்தெருவில் நிறுத்த அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஐம்பது வயதில் எந்தக் கடையில் போய் நிற்பேன்? இந்தத் தொழிலில் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. புது முதலாளி பழைய முதலாளிக்குப் போன் போட்டு 'ஆள் எப்படி' என்று கேட்பார், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கும் அது தெரியும். "யாராச்சும் கேட்டா உம்மப் பத்தி நல்லபடியாச் சொல்லுதேன். அதுக்கு முன்னால, எந்தக் கடைக்காரன் எப்பிடின்னு இவன்கிட்டச் சொல்லிட்டுப் போரும். அவன் அதுல ஏத்திக்கிடுவான்" என்றார்.

மாடிக் கிடங்கில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். அவன் டேப்லெட்டைத் திறந்தான். "மச்சி, இன்னா பண்றது, என் நெலமை உனக்கே தெரியும்" என்றான். "டைப் பண்ணு" என்றேன்.

ஒவ்வொரு ஊராகச் சொன்னேன். சேலத்துக்காரர் காபி குடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்காதே. கரூரில் முடிவெடுப்பது கல்லாவில் இருக்கும் வீட்டம்மா, ஆனால் கேள்வியை அவள் புருஷனிடம்தான் கேட்க வேண்டும். எல்லாம் உண்மை. என் ஆயுசு முழுக்கச் சேர்த்ததை அவன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினான்.

கடைசியாகத் திண்டுக்கல். எங்களுடைய பெரிய பார்ட்டி, அண்ணாச்சியின் பொங்கல் வியாபாரத்தில் பாதி அவர் கையில்தான். போன தடவை இவன் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் அவர் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் தூக்கில் தொங்கிவிட்டாள். வெளியே காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் அதைப் பற்றிக் கேட்டால் தாங்கமாட்டேன் என்றார்.

"திண்டுக்கல்காரர் எப்டி மச்சி?"

"அவருக்குப் பொண்ணுன்னா உசுரு. போனதும் பொண்ணு கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு கேளு. மனுஷன் குளிர்ந்துடுவாரு. அப்புறம் ஆர்டர் தானா விழும்."

தட்டினான். தட்டியதைப் படித்துக் காட்டினான். "கரெக்ட்டா கீதா?"

"கரெக்ட்" என்றேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "நான் அப்டி சொல்லியும் நீ எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்ட மச்சி. உன் மனசு யாருக்கும் வராது."

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளக் கீழே இறங்கினேன்.