ஹார்டு டிஸ்க்கில் கிடந்த பழைய முத்திரை

எண்பதுகளின் கடைசியில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தேன். பெரம்பலூரில் பெயருக்கு ஒரு வீடு, குடியிருந்தது பஸ்ஸில். அந்த வாரம் மூன்றாவது முறையாக அரியலூர் போனேன். அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் இருந்த ஒற்றைக் கம்ப்யூட்டர் என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது.

அதன் டிஸ்க்கில், கம்ப்யூட்டரை இயக்குகிற பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். டிஸ்க்கைப் புதிதாகப் பாகம் பிரித்துவிட்டேன். ஆனால் எந்த சிஸ்டமும் தன் இடத்தின் தொடக்கத்தில் ஒரு முத்திரையை எழுதி வைத்திருக்கும். பாகம் மாறினாலும் அது அழியாது. ஏற்றப்போகும்போதெல்லாம் அதைக் கண்டுபிடித்து, இங்கே வேறொன்று இருக்கிறது என்று சொல்லிக் கம்ப்யூட்டர் நின்றுவிடும். இருக்கிறது, இருக்கிறது. மூன்று நாளாக அதே பல்லவி. சனியனைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

வாசலில் ஒரு அம்மா காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். செந்துறைப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் கல் சுமக்கிற தற்காலிகக் கூலி. வேலைக்கு வந்த நாட்களைக் காட்டினால் நிரந்தரமாக்குவார்கள். வருகைப் பதிவேடு மழையில் ஊறிப் போய்விட்டதால், கம்ப்யூட்டர் பொட்டிக்குள் இருந்தால்தான் உண்டு என்று கிளார்க் அவரை அனுப்பியிருந்தார்.

"சார், எம் பேரு அதுல இருக்கான்னு செத்த பாத்து சொல்லுங்க. அஞ்சு வருசமா வரேங்க."

"டிஸ்க்கப் பிரிச்சாச்சும்மா. பழசு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லம்மா. போயிட்டு வாங்க."

எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. சாப்பிடவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

முத்திரை இருந்த இடம் முழுக்க பூஜ்யங்களை எழுதினேன். அழிக்கும் முன் அந்தப் பகுதியை ஒரு ஃபிளாப்பியில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். பையில் புது ஃபிளாப்பி இருந்தது. வெட்டி வேலை என்று விட்டுவிட்டேன். புதிய சிஸ்டம் மறுபேச்சில்லாமல் ஏறியது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது. அரியலூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. பாகம் பிரித்தால் உள்ளே இருப்பது போய்விடாது. அந்த முத்திரையைப் பிடித்துக்கொண்டு, பழையபடியே பாகத்தைப் போட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் மூன்று நாளாக இருக்கிறது என்றது. நான்தான் இல்லை என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது, சுரங்க வாசலில் அதே கூடையோடு அவரைப் பார்த்தேன். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. மேல எழுதிப் போடுன்னு எல்லாரும் சொன்னாங்க. படிச்சவரு, நீங்களே உள்ள பாத்து இல்லன்னுட்டீங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "பொட்டி இப்ப நல்லா வேல செய்யுதுங்களா சார்?"

"செய்யுதும்மா" என்றேன்.